கிளைம் மறுப்புக் கடிதம் வந்த பிறகு: மலையகப் பெற்றோருக்கு எந்த வழி?

காப்புறுதிக் கம்பனியிலிருந்து மறுப்புக் கடிதம் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தொகையைத்தான். எவ்வளவு போச்சு, நாற்பதாயிரமா எண்பதாயிரமா என்று. அந்தக் கடிதத்தில் கனமான வரி, காரணம் எழுதியிருக்கும் வரி. பிள்ளைக்கு மூச்சு இழுப்பு வந்து வார்ட்டில் நிப்பாட்டிய செலவைத் தர மறுப்பதற்குக் கம்பனி எந்தக் காரணத்தைப் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சண்டை பிடிப்பதா விடுவதா, பிடித்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தொகை பெரிதாக இருந்தும் விட்டுவிடக்கூடிய மறுப்பு உண்டு. பத்தாயிரம் ரூபாய்தான் என்றாலும் விடக்கூடாத மறுப்பும் உண்டு.

அதற்கு முதல், கையில் இருப்பது என்ன காப்புறுதி என்று தெரிய வேண்டும். "இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்கிற பலருக்கு அது தெளிவாகத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அடிக்கடி காணக்கிடைப்பது ஆயுள் காப்புறுதியோடு ஒட்டி வரும் வைத்தியசாலைப் படி. பிள்ளை வார்ட்டில் நின்றால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தருவார்கள். பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் நின்றாலும் கிடைக்கும், பில் தேவைப்படாது. அடுத்தது, தனியார் வைத்தியசாலை பில்லைக் கட்டுகிற மருத்துவக் காப்புறுதி. மூன்றாவது, வேலை செய்யும் இடம் ஊழியர்களுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து எடுத்திருக்கும் குழுக் காப்புறுதி. இவை தவிர அரச ஊழியர்களுக்கு அக்ரஹார இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய சுரக்ஷா இருக்கிறது. இந்தக் கடைசி இரண்டும் அரசாங்கத் திட்டங்கள் என்பதால் அவற்றுக்கு வாசல் வேறு, பிறகு வருகிறேன்.

இனி காரணங்கள். தாள் குறைகிறது, கொப்பியில் சீல் இல்லை, கெடு தாண்டி அனுப்பியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. கேட்டதைக் கொடுத்து, தாமதத்துக்குக் காரணத்தை எழுதினால் பெரும்பாலும் தீரும். காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி தொடங்கியும் கிளைம் கிடைக்காத முதல் காலம், முடியவில்லை என்று எழுதியிருந்தால், பாலிசி தொடங்கிய திகதியையும் பிள்ளையை அட்மிட் பண்ணிய திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலம் பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். சாதாரண வருத்தத்துக்கு ஒன்று, ஏற்கெனவே இருந்த வருத்தத்துக்கு அதைவிட நீளமாக இன்னொன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு எதைக் கணக்கெடுத்தார்கள் என்று கேளுங்கள். கணக்கு சரியென்றால் அந்த மறுப்பை விட்டுவிடலாம். யாரிடம் போனாலும் திகதி மாறாது.

இரண்டு காரணங்கள்தான் உண்மையான வழக்கு. ஒன்று, "வார்ட்டில் நிப்பாட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை, வெளிநோயாளர் பிரிவிலேயே பார்த்திருக்கலாம்." மற்றது, "இந்த வருத்தம் பாலிசி எடுக்க முதலே இருந்தது, நீங்கள் சொல்லவில்லை."

முதலாவதை எடுப்போம். கொழும்பில் இருந்து கிளைம் பார்க்கிற வைத்தியர் கையில் இருப்பது ஒரு டயக்னோசிஸ் காட், பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற அட்டை. அதில் நெபுலைஸ் செய்ததும் அடுத்த நாள் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் மட்டும் இருக்கும். லேசான இழுப்பை நீலப் பம்ப்பும் (சல்பியூட்டமோல் மருந்து) அதோடு பொருத்துகிற ஸ்பேசர் குழாயும் வைத்தே அடக்கலாம், அதற்கு நெபுலைசரும் வேண்டாம் வார்ட்டும் வேண்டாம் என்பது மருத்துவத்தில் ஏற்றுக்கொண்ட விஷயம். ஆக, கம்பனி சொல்வது எப்போதும் அநியாயம் என்று நினைக்காதீர்கள். ஆனால் அந்த இரவில் பிள்ளை எப்படி இருந்தது என்பது அந்தக் காட்டில் கிடையாது. இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை தரம் நெபுலைஸ் செய்தார்கள், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்பதெல்லாம் வார்ட்டின் கட்டில் டிக்கெட்டில், அதாவது பிள்ளையைப் பார்க்கப் பார்க்க வார்ட்டில் எழுதிவைக்கிற கோப்பில்தான் இருக்கும். ஒட்சிசன் 92 வீதத்துக்குக் கீழே போன பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப எந்த வைத்தியரும் துணிய மாட்டார். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் அது கடுமையான இழுப்பின் அடையாளம். பிரெட்னிசலோன் வேலை செய்யத் தொடங்க மூன்று நான்கு மணித்தியாலம் பிடிக்கும், சல்பியூட்டமோலின் வேகமும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் இறங்கும். இரவு எட்டு மணிக்குச் சிரித்து விளையாடிய பிள்ளை பன்னிரண்டு மணிக்கு மறுபடி இழுக்கலாம். இப்படிப்பட்ட எண்கள் கட்டில் டிக்கெட்டில் இருந்தால் "அவசியம் இருக்கவில்லை" என்ற வாதம் நிற்காது. வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து அதன் பிரதியைக் கேளுங்கள். ஒன்றிரண்டு வாரம் அலைய வேண்டி வரலாம், அலையலாம்.

இன்னொன்று, தூரம். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்ட டிவிஷனில் இருந்து வந்த பிள்ளையை ராத்திரி பத்து மணிக்கு மழையிலும் பனிமூட்டத்திலும் திருப்பி அனுப்பினால், மறுபடி இழுத்தால் ஆட்டோ கிடைக்குமா, பாதையில் மண் சரிந்திருக்குமா என்று வார்ட்டு டொக்டர் யோசிப்பார். யோசித்துவிட்டுத்தான் நிப்பாட்டுவார். ஆனால் அதை எழுத மாட்டார், அவருக்கு அது சொல்லாமலே விளங்குகிற விஷயம். கம்பனியில் இருப்பவருக்கு விளங்காது. "வீட்டில் இருந்து வைத்தியசாலை இவ்வளவு தூரம், இரவில் திரும்பி வர வசதியில்லை, எனவே அவதானிப்பில் வைத்தோம்" என்று பிள்ளை வைத்திய நிபுணரிடம் எழுதி வாங்கினால் வாய்ச்சொல்லாக இருந்தது மருத்துவக் காரணமாகிவிடும்.

இரண்டாவது காரணம்தான் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஆபத்தானது. டயக்னோசிஸ் காட்டின் முதல் வரியில் பல இடங்களில் "கே.சி.ஓ. பி.ஏ." என்று கிறுக்கி இருப்பார்கள். ஆஸ்துமா இருப்பது ஏற்கெனவே தெரிந்த பிள்ளை என்று அர்த்தம். அட்மிஷனில் இருக்கும் இளம் டொக்டர் அம்மாவிடம் "இதுக்கு முதலும் வீசிங் வந்திருக்கா?" என்று கேட்பார். அம்மா "ரெண்டு வயசுல வந்துச்சு டொக்டர்" என்பார். காட்டில் அந்த ஐந்து எழுத்து விழும். பிள்ளைக்கு இப்போது ஆறு வயது, பாலிசி எடுத்தது நாலு வயதில் என்று வைத்துக்கொள்வோம். கம்பனி கணக்குப் போட்டு, இரண்டு வயதிலேயே ஆஸ்துமா இருந்திருக்கிறது, மறைத்துவிட்டீர்கள் என்று கடிதம் அனுப்பும்.

இதற்கு நல்ல பதில் இருக்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தடிமன், காய்ச்சலோடு வீசிங் வருவது மிகச் சாதாரணம். அதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும். அந்த வயதில் ஆஸ்துமா என்று உறுதியாகச் சொல்ல வைத்தியர்களே தயங்குவார்கள். ஆக, கிளினிக் கொப்பியில் "வீசிங்" என்று இருப்பதும் ஆஸ்துமா என்று கண்டுபிடித்ததும் ஒன்றில்லை. முறையீடு நிற்பது இந்த இடத்தில்தான். நிபுணரிடம் கேட்க வேண்டியது மூன்று விஷயம்: ஆஸ்துமா என்று முதன்முதல் முடிவு செய்த திகதி, அதற்கு முந்திய வீசிங் என்னவென்று கருதப்பட்டது, பாலிசி எடுக்க முதல் நாளாந்தத் தடுப்பு மருந்து ஏதாவது கொடுக்கப்பட்டதா. பொதுவாக நல்லவிதமாக எழுதித் தாருங்கள் என்று கேட்டால் "இந்தப் பிள்ளை என் சிகிச்சையில் உள்ளது" என்று இரண்டு வரி வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தடுப்பு மருந்து, அதாவது தினம் இரண்டு வேளை இழுக்கிற பெக்லோமெத்தசோன் பம்ப், பாலிசி எடுக்க முதலே தொடங்கியிருந்தால் கதை வேறு. அப்போது தெரியாது என்று சொல்ல முடியாது. பம்ப் பழகிவிடும், பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள் என்று லயத்துக்குள்ளேயே ஒளித்து வைத்துப் பாவிக்கிற வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அக்கம்பக்கத்துக்கு ஒளித்த விஷயம் ஏஜென்ட்டுக்கும் சொல்லப்படுவதில்லை. ஏஜென்ட்டும் தோண்டிக் கேட்பதில்லை. "பிள்ளைக்கு வருத்தம் ஒண்ணும் இல்லத்தானே அக்கா?" என்று கேட்டுக்கொண்டே எல்லாக் கட்டத்திலும் இல்லை என்று அடையாளம் போட்டு, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஏஜென்ட்தான் நிரப்பினார் என்று பிறகு சொன்னால், கையெழுத்து உங்களுடையது என்று பதில் வரும். அது பலமான பதில். ஏஜென்ட்டிடம் வருத்தத்தைச் சொன்னதற்கு வட்ஸ்அப் செய்தி மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் அந்த வாதத்தை எடுங்கள்.

பத்தாயிரம் என்றாலும் விடக்கூடாது என்றது இந்த மறுப்பைத்தான். "மறைத்தார்கள்" என்பது ஒரு கிளைமோடு முடிகிற விஷயம் இல்லை. அதைக் காரணம் காட்டிப் பாலிசியையே இரத்துச் செய்யலாம். அடுத்த கம்பனியின் விண்ணப்பத்தில் "வேறு கம்பனி எதுவும் உங்களை மறுத்திருக்கிறதா?" என்ற கேள்வி வரலாம். அப்பாவுடைய ஆயுள் காப்புறுதியோடு ஒட்டின பாலிசி என்றால், பிள்ளையின் இழுப்பில் தொடங்கின சண்டை அப்பாவின் பாலிசி வரைக்கும் போகலாம்.

சரி, எங்கே போவது?

முதலில் கம்பனிக்கே. இதைத் தாண்டிப் போக முடியாது, பாலிசிக்காரருக்கும் கம்பனிக்கும் இடையிலான பிணக்கை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் கம்பனியின் முடிவான பதிலைத்தான் கேட்பார். கிளைக்குப் போய்க் கவுன்டரில் சத்தம் போடுவதால் பயன் இல்லை, அங்கே இருக்கிற தங்கச்சிக்கு முடிவு எடுக்கிற அதிகாரம் கிடையாது. தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பாலிசியின் எந்த வாசகத்தின் கீழ் மறுத்தீர்கள் என்று கேளுங்கள், நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் பிரதியையும் கேளுங்கள். அந்த விண்ணப்பத்தைக் கண்ணால் பார்க்காமல் "நாங்கள் மறைக்கவில்லை" என்று எழுதுவது இருட்டில் கல் எறிவது மாதிரி. முறையீட்டுக் கடிதம் ஒரு பக்கம் போதும்: என்ன நடந்தது, அவர்கள் சொன்ன காரணம் எது, அது ஏன் சரியில்லை, இணைத்திருக்கும் தாள்கள் எவை. தமிழில் எழுதினால் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. தெளிவாக எழுதக்கூடிய மொழியில் எழுதுங்கள், பாரத்தைத் தூக்கப் போவது நிபுணர் ஆங்கிலத்தில் எழுதித் தரும் கடிதம்தான். செலவு போட்டோ கொப்பி, தபால், நிபுணரைத் தனியாரில் சனல் பண்ணிச் சந்தித்தால் அந்தக் காசு. அரசாங்க கிளினிக்கிலேயே கடிதம் எழுதித் தருவார்கள், ஆனால் கூட்ட நாளில் கேட்காதீர்கள்.

அட்மிஷன் அவசியம் இல்லை என்று மறுத்திருந்தால் இந்த முதல் வாசலிலேயே முடிய நல்ல வாய்ப்பு உண்டு. புதுத் தாள் வந்தால் முடிவை மாற்றுவது கம்பனிக்கும் சங்கடம் இல்லாத விஷயம். மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் இவ்வளவு லேசாக இறங்கி வர மாட்டார்கள்.

கம்பனி இரண்டாம் தடவையும் மறுத்தால் முன்னால் இரண்டு வாசல். ஒன்று, 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன். மற்றது, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதிச் சபையாக வந்து, 2017க்குப் பிறகு பெயர் மாறிய இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இரண்டும் கொழும்பில், இரண்டுக்கும் தபாலில் எழுதலாம். இரண்டும் ஒரே வேலை செய்பவை என்று நினைத்து ஒரே கடிதத்தை இரண்டுக்கும் அனுப்புகிறார்கள். சிலர் அமைச்சருக்கும் ஒரு பிரதி போடுவார்கள், யூனியன் தலைவருக்கும் ஒன்று.

என் கணக்கு இது. கம்பனி பதில் சொல்லிவிட்டது, அந்தப் பதில்தான் பிழை என்றால் ஒம்புட்ஸ்மன். தனிப்பட்ட ஒருவருக்கும் கம்பனிக்கும் இடையிலான பிணக்கைப் பார்ப்பது அவர் வேலை, பாலிசிக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை, இரண்டு பக்கத்துத் தாள்களையும் வைத்துப் பார்ப்பார். வீசிங்கா ஆஸ்துமாவா என்கிற மாதிரிக் கேள்விக்கு ஏற்ற இடம் அது. கம்பனி பதிலே சொல்லவில்லை, மாதக்கணக்காக இழுத்தடிக்கிறது, விண்ணப்பப் பிரதி தர மறுக்கிறது, ஏஜென்ட் ஏமாற்றினார் என்றால் ஆணைக்குழு. கம்பனிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று மேற்பார்க்கிற நிறுவனம் அது, கம்பனிகளின் அனுமதிப்பத்திரமும் அதன் கையில். ஆணைக்குழுவின் கடிதம் போனதும் தூங்கிக் கிடந்த கோப்பு எழும்பும், ஆனால் மருத்துவ வாதத்தில் உங்கள் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், இழுப்புக் கிளைம்களுக்கு நான் ஒம்புட்ஸ்மன் பக்கம்தான். அமைச்சருக்கான பிரதியின் முத்திரைக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

நாட்சம்பளக் குடும்பம் ஒன்றுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கொழும்புக்கு ஒரு நாள் போய்வருவது என்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு, பஸ் காசும் சாப்பாடும் தனி. அதனால்தான் எல்லாவற்றையும் தபாலில் முடிக்கச் சொல்கிறேன். நேரில் வரச் சொன்னால் மட்டும் போங்கள்.

நீதிமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீது வழக்குப் போட காலாவதிச் சட்டம் ஆறு வருடம் தருகிறது, பாலிசியில் அதைவிடக் குறுகிய கெடு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வார்ட்டு பில்லுக்காக மாவட்ட நீதிமன்றம் ஏறினால் சட்டத்தரணிக்குக் கொடுப்பது பில்லைத் தாண்டும். பாலிசியை முழுதாக இரத்துச் செய்துவிட்டார்கள், கட்டின பணமும் பெரிது என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் பக்கத்துக் கிளையில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். வழக்குத் தொடங்கிவிட்டால் ஒம்புட்ஸ்மன் வாசல் மூடிவிடும் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள்.

குழுக் காப்புறுதி என்றால் மேலே சொன்ன வழி அப்படியே பொருந்தாது. பாலிசியின் சொந்தக்காரர் உங்கள் நிறுவனம், நீங்கள் அதன் கீழ் வருகிறவர். உங்கள் கடிதத்தைவிட நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு எழுதும் மின்னஞ்சலுக்கு மரியாதை அதிகம், ஏனென்றால் அடுத்த வருடம் பாலிசியைப் புதுப்பிப்பதா வேறு கம்பனிக்குப் போவதா என்று முடிவெடுப்பது அவர்கள். யூனியனுக்கு உண்மையில் வேலை இருப்பதும் இங்கேதான். பல குழுக் காப்புறுதிகளில் ஏற்கெனவே இருந்த வருத்தத்துக்கும் இடம் உண்டு, வேலைக்குச் சேரும்போது கொடுத்த சிறு புத்தகத்தைப் பாருங்கள். ஆஸ்துமாவை விலக்கியதாக அதில் இல்லாவிட்டால் "முன்பே இருந்தது" என்ற காரணமே விழுந்துவிடும்.

அக்ரஹாரவும் சுரக்ஷாவும் அரசாங்கத்தோடு சேர்ந்தவை. ஆசிரியர் வீட்டுப் பிள்ளையின் கிளைமை மறுத்தால் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, சுரக்ஷா என்றால் அதிபர் வழியாக. இங்கே கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். என் பிள்ளையின் கிளைமை எந்த விதியின் கீழ், யார் மறுத்தார், கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தகவல் அலுவலரிடம் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். காரணமே இல்லாமல் "நிராகரிக்கப்பட்டது" என்று மட்டும் வரும் துண்டுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

கடைசி வழி, விட்டுவிடுவது. அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. இழுப்புக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் கிடைப்பது அதே சல்பியூட்டமோல், அதே பிரெட்னிசலோன், அதே ஒட்சிசன், இலவசமாக. கடுமையாகப் போனால் பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை இருக்கிறது. தனி அறையும் டீவியும் தவிர தனியாரில் ஆஸ்துமாவுக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. திகதிக் கணக்கில் தோற்ற கிளைமை, அல்லது தடுப்புப் பம்ப் ஏற்கெனவே எழுதப்பட்ட கிளைமை, விட்டுவிட்டு அந்த நேரத்தைப் பிள்ளையின் கிளினிக்குக்குக் கொடுக்கலாம். பாலிசியைத் தொடர்ந்தால் வருத்தத்தைத் திறந்து சொல்லி, ஆஸ்துமாவை விலக்குகிறார்களா, பிரீமியத்தைக் கூட்டுகிறார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விடும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். மறுப்புக் கடிதத்தில் மறைத்தீர்கள் என்று இருந்து, அது உண்மையும் இல்லையென்றால், இந்தத் தொகையை இனிக் கேட்கவில்லை, ஆனால் தகவல் மறைத்தோம் என்பதை ஏற்கவும் இல்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பி, பதிவுத் தபால் துண்டைப் பாலிசியோடு பின் அடித்து வையுங்கள்.